வாசல் மட்டும் நம்முடையது: தோட்டத்து வீட்டு அலங்காரம் வந்த கதை



திருவிழா நல்லபடியா முடிஞ்சு ரெண்டு வாரம் ஆச்சு. போன ஞாயிற்றுக்கிழமை தொண்டர்கள் நாங்கள் சேர்ந்து கோயில் ஸ்டோர் அறையைச் சுத்தம் பண்ணினோம். பெரிய கறுப்புப் பை 11 நிறைஞ்சது. உள்ளே என்னன்னு பார்த்தா, நிறம் போன பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம், நூல் அறுந்த பிளாஸ்டிக் சாமந்தி மாலை, உடைஞ்ச போலிஸ்டிரின் தாமரை, எரியாத லிப்லாப் லைட்டு. எல்லாமே நாமும் உபயதாரர்களும் காசு கொடுத்து வாங்கினவை.

இன்னொரு கணக்கும் சொல்லணும். இந்த வருஷம் கொடியேற்றத்துக்கு முதல் நாள் ராத்திரி குருத்தோலை மடிக்க உட்கார்ந்தவங்க மூணு பேர். மூணு பேருக்கும் வயசு எழுபதைத் தாண்டியாச்சு. பக்கத்துல நின்னு போனில் படம் பிடிச்சவங்க இருபது பேராவது இருக்கும். "பாட்டி, இது எந்தக் கடையில கிடைக்கும்?"னு ஒரு சின்னப் பையன் கேட்டான். பாட்டி சிரிச்சாங்க. எங்களுக்குத்தான் சிரிப்பு வரல.

அதனாலதான் இந்த நீளமான பதிவு. யாரையும் குறை சொல்ல எழுதல. நம்ம தாத்தா பாட்டி கையில காசே இல்லாம வீட்டை எப்படி அழகாக்கினாங்க, எதை வைத்து ஆக்கினாங்க, அது எப்படி நம்ம கையை விட்டுப் போச்சு என்பதை ஒரு இடத்துல எழுதி வைக்கணும்னு தோணுச்சு.

வீடு கம்பெனிக்கு, வாசல் நமக்கு

1877-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அடுத்த நாற்பது வருஷத்துல மலாயாவின் காடுகள் கித்தாக் காடாக மாறின. அந்த வேலைக்கு ஆள் வேண்டும். கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போய் ஆள் கட்டினார்கள். 1907-ல் அதற்கென்றே தோட்ட முதலாளிகளிடம் பணம் வசூலித்து ஒரு குடியேற்ற நிதியும் ஏற்படுத்தினார்கள். 1909-ல் கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயில் பாதை முடிந்தது. நம்ம சிகாமட், லாபிஸ் பக்கமெல்லாம் தோட்டங்கள் பெருகியது அந்தத் தண்டவாளம் வந்த பிறகுதான்.

வந்தவர்கள் கையில் கொண்டு வந்தது ஒரு தகரப் பெட்டி, அதுவும் இல்லாதவர்களுக்கு ஒரு துணி மூட்டை. தங்க இடம் லயத்து வீடு. வரிசையாக ஒரே மாதிரி அறைகள், ஒரே மாதிரி கதவு. ஒரு வீட்டுச் சுவருக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் இடையில் ஒரு பலகைதான். அந்த வீடு கம்பெனியுடையது. வேலை இருக்கிற வரைக்கும் வீடு. வேலை போனால் வீடும் போகும். 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது ஆயிரக்கணக்கான தொழிலாளர்களை அப்படியே கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

நாளைக்கே காலி பண்ணச் சொல்லலாம் என்று தெரிந்த வீட்டில் யார் பணம் போட்டு அலங்காரம் செய்வார்கள்? ஆனால் நம்ம ஆட்கள் செய்தார்கள். பணம் போடாமல் செய்தார்கள். விடிகாலைப் பெரட்டுக்குப் போகிறதுக்கு முன்னாடி சாணம் தெளித்து வாசலில் நாலு புள்ளி வைத்து ஒரு கோலம். நாள் கிழமைக்கு நிலையில் மாவிலை. பொங்கலுக்கும் அம்மன் திருவிழாவுக்கும் லயம் முழுக்கக் குருத்தோலைத் தோரணம். கோலம் சாயங்காலத்துக்குள் அழிந்துவிடும், தோரணம் ரெண்டு நாளில் வாடிவிடும். அதனால் என்ன? வரிசையாக இருக்கிற ஒரே மாதிரி கதவுகளில் எது நம்ம வீடு என்று கோலத்தைப் பார்த்துத்தான் பிள்ளைகளுக்குத் தெரியும் என்று எங்க பாட்டிமார்கள் சொல்லுவாங்க.

குருத்தோலை

வாசலை அலங்கரிப்பது தோட்டத்தில் புதிதாகக் கற்றுக்கொண்டது இல்லை. மணிமேகலையில் விழாவறை காதை என்று ஒரு பகுதி உண்டு. இந்திர விழா வரப்போகிறது, ஊரைத் தயார்ப்படுத்துங்கள் என்று புகார் நகரத்தில் முரசறைந்து சொல்கிற இடம். தோரணம் கட்டிய வீதி, பூரண கும்பம், பாவை விளக்கு, காய்க்குலையோடு கமுகு, வாழை, கரும்பு எல்லாம் அதில் வருகிறது. பழைய மணலை மாற்றிப் புது மணல் பரப்பச் சொல்வதும் வருகிறது. பட்டியலைப் பார்த்தால் பாதிக்கு மேல் மரமும் செடியும் மண்ணும்தான். திருவிழா முடிந்ததும் தானாகவே மக்கி மண்ணுக்குப் போய்விடும்.

இங்கே வந்த நம்ம ஆட்களுக்கு ஒரு வசதி இருந்தது. தென்னை இங்கேயும் உண்டு. மலாய்க்காரர்கள் நோன்புப் பெருநாளுக்குக் கெத்துப்பாட் பின்னுவதும் இதே இளங்குருத்தில்தான். பாலித் தீவில் கலுங்கான் பண்டிகைக்கு வீட்டு வாசலில் வளைந்த மூங்கிலில் குருத்தோலை தொங்கவிட்டுப் பெஞ்சோர் நடுகிறார்கள். நம்ம கிறிஸ்தவச் சகோதரர்களும் குருத்தோலை ஞாயிறன்று இதே ஓலையில் சிலுவை மடிக்கிறார்கள். தென்னை வளர்கிற ஊரில் எல்லாம் ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே அலங்காரப் பொருள் இதுதான்.

மடிக்கிறது எப்படி? விரியாத குருத்தை வெட்டி, ஓலைகளைத் தனித்தனியாகக் கிழித்து எடுக்கணும். நடுவிலுள்ள ஈர்க்கை உருவிடணும். ஓலையை மடித்து, கட்டைவிரல் நகத்தால் கீறி, கீறின இடத்தில் நுனியைச் செருகினால் குருவி வரும், கிளி வரும். கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டால் தோரணம். ஆணி வேண்டாம், பசை வேண்டாம், கத்தரிக்கோல்கூட வேண்டாம். உருவின ஈர்க்கும் வீணாகாது, சேர்த்துக் கட்டினால் துடைப்பம். நல்ல காரியத்துக்கு மடிப்பது ஒரு விதம், துக்க வீட்டுக்கு மடிப்பது வேறு விதம். இந்த வித்தியாசம் தெரிந்தவர்கள்தான் இப்போது அருகிக்கொண்டே வருகிறார்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தென்னைக்கு வளர்முனை ஒன்றே ஒன்றுதான். குருத்தை வெட்டுகிறவன் அடிவரைக்கும் கத்தியை இறக்கிவிட்டால் மரமே செத்துவிடும். அதனால்தான் தோட்டத்தில் எல்லாரையும் மரமேற விடமாட்டார்கள். ஒரே மரத்தில் அடிக்கடி வெட்டவும் விடமாட்டார்கள்.

தோட்டம் தூக்கிப் போட்டதெல்லாம்

இது ஊரிலிருந்து வந்த பழக்கம். இனிமேல் சொல்லப் போவது இந்த மண்ணிலேயே பிறந்தது.

முதலில் டின். நாலு கேலன் மண்ணெண்ணெய் டின் மேல்மூடியை வெட்டினால் தண்ணி டின். அடியில் ஓட்டை போட்டால் துளசி மாடம். வெளிப்பக்கம் சுண்ணாம்பு அடித்து, காவி மண்ணைக் கரைத்துக் கோடு இழுத்தால் பார்க்க மாடம் மாதிரியே இருக்கும். சின்ன டின் என்றால் கெட்டிப் பால் டின், மைலோ டின். அதில் குரோட்டன்ஸும் நித்தியகல்யாணியும் வளர்ந்தன. கார்த்திகைக்கு அதே பால் டின்தான் விளக்குக் கூண்டு. டின்னுக்குள் ஈர மண்ணை இறுக்கி அடைத்து, ஆணியால் ஓட்டை ஓட்டையாகக் குத்துவார்கள். மண் இருப்பதால் டின் நசுங்காது. பிறகு மண்ணைக் கொட்டிவிட்டு உள்ளே அகல் வைத்தால் சுவர் முழுக்கப் புள்ளிக் கோலம்.

அடுத்தது துணி. அந்தக் காலத்தில் கோதுமை மாவு பருத்தித் துணிப் பையில் வந்தது. அடுப்புச் சாம்பல் தண்ணியில் ஊறவைத்து வெளுத்தால் எழுத்து மங்கிவிடும். அதில் ஓரம் பின்னித் தலையணை உறையும் சன்னல் திரையும் தைத்தார்கள். இது நம்ம வீட்டில் மட்டும் நடந்த கதை இல்லை. 1930-களில் அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்கள் மாவு மூட்டைத் துணியில் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்க ஆரம்பித்தபோது, மாவு கம்பெனிகளே பையில் பூப்போட்ட டிசைன் அச்சடித்து விற்றன. நம்ம லயத்தில் அந்தப் பூவை ஊசியால் போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்றாவது காகிதம். தமிழ் நேசன் 1924-லும் தமிழ் முரசு 1935-லும் வர ஆரம்பித்தன. ஒருத்தர் வாங்கினால் லயமே படிக்கும், படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிப்பார். படித்து முடித்த பேப்பரை மடித்து, ஓரத்தை வளைவு வளைவாகக் கத்தரித்து, சாமி மாடத்துக்கும் பாத்திரத் தட்டுக்கும் விரிப்பு போட்டார்கள். மரவள்ளி மாவைக் காய்ச்சினால் பசை. பிள்ளைகளுக்கு அதுவும் வேண்டாம், ரப்பர் பாலே பசை. சிகரெட் பெட்டிக்குள் வரும் வெள்ளித் தாளைச் சேர்த்து வைத்து நட்சத்திரம் வெட்டுவது பையன்கள் வேலை.

நான்காவதுதான் எங்களுக்கு ரொம்பப் பிடித்தது. அது கித்தா இலை. வருஷத்தில் ஒரு தடவை, தைப்பூசம் முடிந்து வெயில் ஏறும் நாட்களில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும். காடே செந்நிறமாகி, பிறகு மொட்டையாக நிற்கும். விழுந்த இலையைப் பொறுக்கித் தண்ணியில் வாரக்கணக்கில் ஊறப்போட்டால் சதை அழுகிவிடும். பழைய பல் துலக்கும் பிரஷால் மெதுவாகத் தேய்த்தால் நரம்பு மட்டும் வலை மாதிரி மிஞ்சும். அதைச் சாயத்தில் முக்கி, காயவைத்து, கம்பியில் இதழ் இதழாகச் சுற்றினால் பூ. நம்மில் ஐம்பது வயசைத் தாண்டினவங்க பல பேர் பள்ளிக்கூடத்தில் இதைச் செய்து புத்தகத்துக்குள் வைத்திருப்பீங்க. ரப்பர் கொட்டையை ஓட்டை போட்டுக் கோத்தால் வாசல் மாலை. கோடும் புள்ளியுமாக ஒவ்வொரு கொட்டைக்கும் ஒரு நிறம்.

விளிம்பு உடைந்து பால் ஏந்த முடியாமல் ஒதுக்கின மங்கும் வீணாகல. திரியும் எண்ணெயும் போட்டால் அதுதான் அகல். அதே பீங்கான் மங்கு இன்றைக்குப் பழம்பொருள் கடையில் பூச்சட்டி என்று விலைக்கு விற்கிறது.

இல்லாத காலத்திலும் விட்டுவிடல

1938-ல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதற்கு மேல் ஊரிலிருந்து புது ஆள் வந்து கற்றுக்கொடுக்க வழியில்லை. இங்கே இருந்தவர்கள் கையில் இருந்ததுதான் வித்தை. அவர்கள் சொல்லிக் கொடுத்ததால்தான் அது நம்ம வரைக்கும் வந்தது.

பிறகு சண்டை. 1942 ஜனவரி 14-ல் கெமாஸுக்குப் பக்கத்தில் கெமெஞ்சே பாலத்தில் ஆஸ்திரேலியப் படை ஜப்பானியரை மறித்தது. சில நாட்களில் சிகாமட்டும் விழுந்தது. அதன் பிறகு மூன்றரை வருஷம் அரிசி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, துணி இல்லை. மரவள்ளிக் கிழங்கு தின்று, கோணிச் சாக்கை உடுத்தின காலம். சயாம் ரயில் பாதை வேலைக்கு இழுத்துக்கொண்டு போன ஆண்களில் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. அரிசி மாவு இல்லாததால் வாசலில் வெறும் சுண்ணாம்புத் தூளிலும் அடுப்புச் சாம்பலிலும் கோலம் போட்டதாகப் பெரியவங்க சொல்லிக் கேட்டிருக்கோம். வீட்டு ஆம்பளை வருவாரா மாட்டாரா என்று தெரியாத வீட்டிலும் வாசல் மூளியாக இருக்கக் கூடாது என்று நினைத்தார்கள்.

1948-லிருந்து 1960 வரை அவசரகாலம். ஜொகூரில் கெடுபிடி அதிகம். காட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு போய்ச் சேரக் கூடாது என்று அரிசிக்கு அளவு வைத்தார்கள். கடையில் டின் சாமான் வாங்கினால் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுப்பார்கள், பதுக்கி வைக்க முடியாதபடி. அந்த ஓட்டை விழுந்த டின்னும் கடைசியில் ஏதோ ஒரு வாசலில் பூச்செடி தாங்கியது.

எப்படிக் கை நழுவியது

1957-ல் சுதந்திரம் வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றன. வேலையும் வீடும் ஒன்றாகப் போனது. இதைத் தடுக்கத்தான் 1960-ல் துன் வீ.தி. சம்பந்தன் தொழிலாளர்களின் காசைச் சேர்த்துத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டங்களை வாங்கினார். ஆனாலும் பல லயங்கள் காலியாகிக்கொண்டே வந்தன.

அதோடு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இந்த நாட்டில் முதன்முதலில் வியாபாரத்துக்காகச் செம்பனை நட்டது 1917-ல், சிலாங்கூரில். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம் எஸ்டேட்! நம்ம மொழியில் தென்னை பெயர் வைத்த தோட்டத்திலிருந்து கிளம்பிய செம்பனைதான் பிறகு கித்தாக் காட்டையும் லயத்து ஓரத்துத் தென்னையையும் சேர்த்து விழுங்கியது. செம்பனை மட்டையில் முள். அதில் தோரணம் மடிக்க யாரும் உட்காருவதில்லை.

தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்தோம். வீடு நம்ம பெயரில் வந்தது, அது பெரிய விஷயம். அதற்காக நம்ம அப்பா அம்மா பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆனால் வாசலில் சிமெண்டு, தென்னைக்கு இடமில்லை. பெண்கள் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ராத்திரி பதினொரு மணிக்கு வீடு திரும்புகிற அம்மாவை உட்கார்ந்து ஓலை மடி என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. பத்து வெள்ளிக்குத் துவைத்து மாட்டக்கூடிய பிளாஸ்டிக் தோரணமும் ஸ்டிக்கர் கோலமும் வந்தபோது அவர்கள் வாங்கியதில் தப்பே இல்லை. நாங்களும் வாங்கினோம். அந்த 11 பையில் எங்க வீட்டுச் சரக்கும் இருந்தது.

வெள்ளம் வந்தப்போ

2006 டிசம்பரிலும் 2011 ஜனவரி கடைசியிலும் 2023 மார்ச்சிலும் சிகாமட்டில் ஏறின தண்ணியை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. 2011-ல் தண்ணி வடிந்த பிறகு வீடு வீடாகச் சேறு அள்ளப் போனோம். சோபா, டிவி, மெத்தை, சாமி படம் எல்லாம் ரோட்டோரம் மலையாகக் கிடந்தது. ஒரு வீட்டில் சுவரில் தண்ணிக் கோடு எங்க தோள் உயரத்துக்கு இருந்தது. அந்த வீட்டுப் பாட்டி, கழுவின நிலைப்படியில் மஞ்சள் தடவி, எங்கிருந்தோ கொண்டு வந்த நாலு மாவிலையை நூலில் கட்டி மாட்டினாங்க. "இப்பதான் வீடு"ன்னு சொல்லிட்டு அடுப்பைத் தேடப் போனாங்க.

அந்த வீட்டில் வாங்கிய பொருள் எதுவும் மிஞ்சல. கை பழகினது மட்டும் மிஞ்சிச்சு. அதைத்தான் இப்போது நாம் இழந்துக்கிட்டிருக்கோம் என்று எங்களுக்குப் பயம்.

சாமி படங்கள் பற்றி ஒரு வார்த்தை

கோயில் மரத்தடியில் பழைய சாமி படங்களை வைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு விளக்கம். வீட்டுச் சுவரில் சாமி படம் மாட்டுவதும் அவ்வளவு பழைய வழக்கம் இல்லை. ராஜா ரவி வர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகுதான் வண்ணச் சாமி படம் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டியது. பிறகு கோவில்பட்டியில் இருந்த ஓவியர் கொண்டையராஜு (1898–1976), அவருடைய மாணவர்கள் வரைந்த படங்கள் சிவகாசியில் காலண்டராக அச்சாகி ஊரெல்லாம் பரவின. மளிகைக் கடையில் இனாமாகக் கிடைத்த காலண்டரில் தேதி கிழிந்த பிறகு, படத்தை வெட்டிப் பழைய சட்டத்தில் மாட்டிக் கும்பிட்டார்கள் நம்ம பெரியவர்கள். சட்டமும் கண்ணாடியும் தலைமுறைக்கு ஒன்றுதான், படம் மட்டும் மாறும்.

நாமும் அப்படியே செய்யலாம். பழுதான படத்தை மட்டும் கழற்றிக் கோயிலில் கொடுங்கள், ஐயரைக் கேட்டு முறைப்படி செய்துவிடுகிறோம். சட்டத்தையும் கண்ணாடியையும் வீட்டிலேயே வைத்துக்கொண்டு புதுப் படம் மாட்டுங்கள். மழையில் நனைந்து கண்ணாடி உடைந்து, பிள்ளைகள் காலில் குத்துவதாவது நிற்கும்.

நாங்கள் கேட்பது

அடுத்த திருவிழாவுக்குக் கருவறை வாசலிலும் கொடிமரத்தைச் சுற்றியும் பச்சைத் தோரணம் மட்டும் கட்டலாம் என்று நிர்வாகத்திடம் பேசி ஒப்புதல் வாங்கியிருக்கிறோம். பிரகாரத்துக்கும் வெளிவாசலுக்கும் பால் டின் விளக்கு. அதற்குக் கை வேண்டும். மூணு பேரால் முடியாது.

வர்ற மாதத்திலிருந்து சனிக்கிழமை சாயங்காலம், பூஜை முடிந்த பிறகு, மண்டபத்தில் அந்த மூணு பெரியவர்களும் உட்கார்ந்து சொல்லித் தர ஒத்துக்கிட்டாங்க. குருத்தோலை நாங்கள் ஏற்பாடு பண்றோம். மரத்துக்குச் சேதமில்லாமல் வெட்டத் தெரிந்தவர் இருக்கார். நீங்க கொண்டு வர வேண்டியது, கழுவின பால் டின் ரெண்டு, பழைய நாளிதழ், முடிந்தால் வீட்டுப் பிள்ளை ஒன்று. பத்து வயசுக்கு மேல் இருந்தால் நகத்தால் கீறப் பழகிக்கொள்ளும். வேலை முடிந்து அலுத்து வருகிறவங்க சும்மா வந்து உட்கார்ந்தாலும் போதும், தேத்தண்ணி உண்டு.

தோட்டத்தில் இருந்தவங்க, இதில் நாங்கள் விட்டுப்போன முறை ஏதாவது தெரிந்தால் கீழே எழுதுங்க. துக்கத் தோரணத்துக்கும் மங்கலத் தோரணத்துக்கும் மடிப்பு எப்படி மாறும் என்று தெரிந்தவங்க நேரில் வந்து செய்து காட்டினால் இன்னும் நல்லது. அதை வீடியோ எடுத்து வைத்துக்கொள்கிறோம். ஆனால் இந்தத் தடவை படம் பிடிக்கிறவங்களும் ஒரு ஓலையையாவது மடிச்சுட்டுத்தான் போகணும்.

அம்பாள் எல்லாரையும் காப்பாத்தட்டும்.

இப்படிக்கு,
கோயில் தொண்டர்கள், சிகாமட்